குமரிக்குத் தெற்கே கடல் குழிந்த இடம்

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூத்தூர் பக்கத்துப் படகு. சுறாவும் சூரையும் தேடிப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். படகின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“நீங்க தெற்கே போற வழியில கடல் நூறு மீட்டர் குழிஞ்சு கெடக்கு, தெரியுமா அண்ணே?”

“கடல் எப்படித் தம்பி குழியும்? குழிஞ்சா சுத்தியுள்ள தண்ணி ஓடிவந்து நெறச்சிராதா?”

இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்க முடியாது. ஐஸ் ஏற்றும் அவசரத்தில் அவருக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

குமரிமுனைக்குத் தெற்கே, இலங்கைக்குத் தென்மேற்கே, சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடற்பரப்பு இருக்கிறது. பூமியைச் சற்றே தட்டையான, வழவழப்பான உருண்டையாகக் கணக்கில் வைத்துக்கொண்டு அளந்தால், அங்கே கடல்மட்டம் அந்தக் கணக்கு உருண்டையைவிட ஏறக்குறைய 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகக் கடல்களில் இவ்வளவு தாழ்ந்த இடம் வேறில்லை. நியூகினித் தீவுப் பக்கம் கடல் 85 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. நம் கரையும் அந்தத் தாழ்வின் சரிவில்தான் இருக்கிறது. குமரிமுனையில் காந்தி மண்டபத்துக்குக் கீழே அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று, திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால், பூஜ்யத்துக்குக் கீழே 90 மீட்டருக்கும் மேல் காட்டும். கருவி பழுதாகவில்லை. அது கணக்கு உருண்டையிலிருந்து அளந்து சொல்கிறது.

தண்ணீர் ஏன் ஓடிவந்து நிரப்பவில்லை? கொத்தனாரின் கைப்பையில் இதற்கு விடை இருக்கிறது. அதில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இருக்கும். தூக்குக்குண்டு தொங்கும் திசைதான் அவருக்குச் செங்குத்து. அதற்குக் குறுக்கே கிடப்பதுதான் மட்டம். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். குண்டு சாய்ந்தால் மட்டமும் சாயும், அந்தச் சாய்ந்த மட்டத்தில்தான் தண்ணீரும் நிற்கும். குமரிக்குத் தெற்கே பூமியின் உள்ளே நிறை குறைவு. சுற்றிலும் நிறை அதிகம். அங்கே தூக்குக்குண்டுகள் எல்லாம் வெளிப்புறம் பார்த்து மிக மிக மெல்லச் சாய்கின்றன. அதனால் அந்தக் குழிவுதான் தண்ணீருக்கு மட்டம். எந்தப் பக்கம் ஓடவும் அதற்கு இறக்கம் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் 100 மீட்டர் இறக்கம் என்பதால் கண்ணுக்கும் தெரியாது, படகுக்கும் தெரியாது. அங்கே போய் நின்றால் 60 கிலோ ஆளின் எடை சில கிராம் குறையும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குமரிக்குத் தெற்கே குழி என்றதும் தமிழர் மனம் கடல்கொண்டதாகச் சொல்லப்படும் பழைய நிலத்துக்குப் போகும். இந்தக் குழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதன் காரணம் கடலடித் தரைக்கும் கீழே, பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 14 கோடி ஆண்டுகளில் புவித்தட்டுகள் நகர்ந்த கதையைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது இடையிலிருந்த டெத்திஸ் பெருங்கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆழத்தில் போய், ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடக்கும் பிரம்மாண்டமான வெப்பத் திரளைக் கலைத்துவிட்டது. அங்கிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் மேலேறி நம் கடலுக்கு அடியில் பரவியது. இன்றைய குழிவு உருவாகி ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்கள் முடிவு.

அடர்த்தி என்றால் என்ன என்று கையால் உணர மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகலாம். ஒரு கையில் வெள்ளை மணலும் மறு கையில் கருமணலும் அள்ளிப் பாருங்கள். கருமணல் அள்ளிய கை தானாகத் தாழும். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல் அது. சாதாரண மணலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஈர்ப்பை அளக்கும் கருவி செய்வதும் இதைத்தான். தோண்டாமல், தொடாமல், மேலே நின்றே கீழே இருப்பது கனமா லேசா என்று சொல்லிவிடும்.

அப்படி அளக்கும் முயற்சிகள் குமரி மண்ணுக்குப் புதியவை அல்ல. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் நில அளவையின் தென்கோடி நிலையம் குமரிமுனைக்கு அருகில்தான் இருந்தது. ஆங்கிலேயர் ஏடுகள் அதைப் ‘புன்னே’ என்று குறிக்கின்றன. இங்கிருந்து இமயமலை அடிவாரம் வரை இழுத்த அந்த அளவைக் கோட்டில் ஒரு பிசகு வந்தது. நிலத்தில் முக்கோணம் முக்கோணமாக அளந்த தூரமும், நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த தூரமும் வடக்கே 5.236 விகலை வேறுபட்டன. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. இமயமலை தூக்குக்குண்டை இழுப்பதுதான் காரணமோ என்று ஜான் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். மலையின் பருமனைப் பார்த்தால் இழுப்பு 15 விகலைக்கும் மேல் இருக்கவேண்டும். இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. மலைக்கு அடியில் கனம் குறைவான வேர் ஆழ இறங்கியிருக்கிறது, மலை அதன்மேல் மிதக்கிறது என்று 1855இல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் விளக்கம் சொன்னார். புவியமைப்பியலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, குமரியில் முனை ஊன்றிய ஒரு கோட்டின் பிசகிலிருந்து பிறந்தது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லையே என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை உண்டு.

அடுத்து ஊசல் வந்தது. ஈர்ப்பு கூடினால் ஊசல் வேகமாக ஆடும், குறைந்தால் மெதுவாக ஆடும். 1865இலிருந்து கேப்டன் பசேவி பித்தளை ஊசல்களைக் காற்று நீக்கிய கூட்டுக்குள் ஆடவிட்டு, நாடு முழுக்க ஊர் ஊராக எண்ணிக்கொண்டு போனார். புன்னேயிலும் ஆட்டினார், மினிக்காய்த் தீவிலும் ஆட்டினார். உள்நாட்டைவிடக் கரையிலும், கரையைவிடத் தீவிலும் ஈர்ப்பு சற்று மிகுதி என்று தெரிந்தது. கடலடித் தரை கனமான பாறை என்பதற்கு அது சாட்சி. 1871இல் லடாக்கின் உயரமான மோரே சமவெளியில் ஊசலோடு இருந்தபோதே பசேவி இறந்துபோனார். நடுக்கடலில் அலை ஆட்டத்தில் ஊசல் நிற்காது என்பதால், டச்சுக்காரர் வெனிங் மைனஸ் நீர்மூழ்கிக் கப்பலில் இறங்கி அலைக்குக் கீழே போய் அளந்தார். இந்தியப் பெருங்கடலின் இந்தத் தாழ்வை 1948இல் அடையாளம் காட்டியவரும் அவர்தான்.

பிறகு செயற்கைக்கோள்கள். 2002 மார்ச் 17 அன்று கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் புறப்பட்டன. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஓடின. முன்னால் போவது ஈர்ப்பு மிகுந்த இடத்தை நெருங்கும்போது சற்று முந்தும், இடைவெளி கூடும். பின்னால் வருவது அதே இடத்தை எட்டும்போது இடைவெளி குறையும். தலைமுடியின் தடிமனில் பல பத்தில் ஒரு பங்கு மாறினாலும் தெரியும்படி அந்த இடைவெளியை நுண்ணலைகளால் அளந்துகொண்டே இருந்தார்கள்.

இதனால் கிடைத்த அறிவு சாதாரணமானதல்ல. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா நிலத்தடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் தண்ணீர் போய்விட்டது என்று கிரேஸ் சொன்னது. நம் பேச்சிப்பாறை அணையை நூற்றுக்கணக்கான தடவை நிரப்பும் தண்ணீர் அது. ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்க்காமல், எடை குறைந்ததை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் உயிர்களை வாரிக்கொண்டு, மணக்குடிப் பாலத்தையும் பிய்த்தெறிந்த ஆழிப்பேரலையின் மூலமான சுமத்ரா நிலநடுக்கம் இருக்கிறதே, அது கடலடிப் பாறைகளை இடம் மாற்றியதில் அங்கே ஈர்ப்பே மாறிப்போனதை இதே கோள்கள் பதிவு செய்தன.

ஆனால் கிரேஸின் கண் பெரிய பரப்புகளைத்தான் பார்த்தது. 300 கிலோமீட்டருக்குக் குறைந்த குறுக்களவுள்ள பகுதிகள் அதற்கு மங்கல். கன்னியாகுமரி மாவட்டம் 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கண்ணில் ஒரு புள்ளிக்கும் சிறியது. இன்னொரு குறை, கருவிகளுடையது. மேலே மெல்லிய காற்று இருக்கிறது, சூரிய ஒளியின் அழுத்தம் இருக்கிறது. கோள் நகர்ந்தது ஈர்ப்பாலா காற்றாலா என்று பிரித்துச் சொல்ல உள்ளே ஒரு உலோகக் கட்டியை மின்புலத்தில் மிதக்கவிட்டிருப்பார்கள். 2009 முதல் 2013 வரை 255 கிலோமீட்டர் அளவுக்குத் தாழப் பறந்து ஈர்ப்பு வரைபடத்தைத் துல்லியமாக்கிய ஐரோப்பாவின் கோசே கோளில் பிளாட்டினம், ரோடியம் கலந்த கட்டிகள் இருந்தன. எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் ஒரு கட்டி மற்றதைப்போல இராது. மின்சுற்றுகள் சூடேறும், மெல்ல மெல்ல அளவு விலகும். நீண்ட நேரத்தில் ஏற்படும் அந்த விலகல்தான் இத்தனை காலமும் தலைவலி.

குவாண்டம் உணரி இந்த இடத்தில்தான் வருகிறது. உலோகக் கட்டிக்குப் பதிலாக ரூபிடியம் அணுக்கள். ஒரு ரூபிடியம்-87 அணுவுக்கும் இன்னொன்றுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை, மூப்பில்லை. நாகர்கோவிலில் இருந்தாலும் விண்வெளியில் இருந்தாலும் அது ஒரே அணு.

சிக்கல் என்னவென்றால், சாதாரண வெப்பத்தில் ரூபிடியம் அணுக்கள் நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் தாறுமாறாகப் பறக்கும். அவற்றை அடக்க ஒளியையே பயன்படுத்துகிறார்கள். காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் ஆறு திசைகளிலிருந்து 780 நானோமீட்டர் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். கண்ணுக்கு மங்கலான கருஞ்சிவப்பாகத் தெரியும் ஒளி. எந்தப் பக்கம் ஓடினாலும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தால் எப்படி ஓட முடியும்? அணுக்கள் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்துக்குத் தளர்ந்துவிடும். குடுவையைக் கேமரா வழியே பார்த்தால், நடுவில் எதிலும் ஒட்டாமல் சிறு வெள்ளைப் பொட்டு ஒன்று மிதக்கும். அந்தப் பொட்டுக்குள் லட்சக்கணக்கான அணுக்கள். அவற்றின் வெப்பநிலை, தனிச்சுழி என்ற குளிரின் கடைசி எல்லைக்கு மேல், ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. இந்த வித்தைக்காக ஸ்டீவன் சூ, கோஹென் தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி லேசரை அணைத்துவிட்டால் பொட்டு கீழே விழத் தொடங்கும். விழும்போது மூன்று தடவை ஒளித்துடிப்பு தருவார்கள். அணு துகள் மட்டுமில்லை, அலையும்கூட. முதல் துடிப்பு அந்த அலையை இரண்டாகப் பிரிக்கும். ஒரே அணு இரண்டு பாதையிலும் போகும். இரண்டாம் துடிப்பு இரண்டு பாதைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று திருப்பும். மூன்றாம் துடிப்பு சேர்த்துவைக்கும். குளத்தில் இரண்டு கல் எறிந்தால் வளையங்கள் சந்திக்கும் இடத்தில் சில இடம் எழும்பும், சில இடம் அடங்கும் அல்லவா, அதுபோல இரண்டு பாதையிலிருந்தும் வந்த அலை சேரும்போது எவ்வளவு எழும்பியது, எவ்வளவு அடங்கியது என்று பார்த்தால் அணு எவ்வளவு விழுந்தது என்று தெரியும். அளவுகோல் லேசரின் அலைநீளத்தில் பாதி. ஒரு மில்லிமீட்டருக்குள் 2,500க்கும் மேற்பட்ட கோடுகள் போட்ட அளவுகோலுக்கு அது சமம். 1991இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கசேவிச்சும் சூவும் இதைச் செய்துகாட்டினார்கள்.

தரையில் வைத்து அளக்கும் குவாண்டம் ஈர்ப்புமானிகள் இன்று விலைக்கே கிடைக்கின்றன. ஈர்ப்பில் நூறு கோடியில் ஓரிரு பங்கு மாற்றத்தை அவை காணும். அது எவ்வளவு நுண்மை என்றால், கருவிக்கு அடியில் பரந்த நிலத்தில் சில சென்டிமீட்டர் தண்ணீர் கூடினாலே தெரிந்துவிடும். நாற்று நட்ட வயலில் கட்டி நிறுத்துகிற தண்ணீர் அவ்வளவுதான். 2022இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட கருவியைத் தெருவில் உருட்டிக்கொண்டு போய், மண்ணுக்கடியில் இருந்த சுரங்க வழியைக் கண்டுபிடித்தார்கள்.

தரையில் ஒரு எல்லை உண்டு. அணு விழுந்தால் குடுவையின் அடியில் போய் முட்டும். ஒரு நொடி விழவிட்டால் ஏறக்குறைய 5 மீட்டர் உயரக் குழாய் வேண்டும். விண்வெளியில் அந்தத் தொல்லை இல்லை. கோளும் விழுகிறது, குடுவையும் விழுகிறது, அணுவும் கூடவே விழுகிறது. அணு குடுவைக்குள் மிதந்தபடி பல நொடிகள் இருக்கலாம். காத்திருக்கும் நேரம் 10 மடங்கானால் நுண்மை 100 மடங்காகும். விண்வெளியை நோக்கி எல்லோரும் ஓடுவது இதற்காகத்தான்.

கவனமாகப் படிக்கிறவர்கள் இங்கே நிறுத்துவார்கள். எல்லாமே சேர்ந்து விழுந்தால் ஈர்ப்பு எப்படித் தெரியும்? உண்மைதான், தெரியாது. கயிறறுந்த லிஃப்டுக்குள் நிற்பவருக்கு எடை தெரியாது. அதனால் ஒரு பொட்டு போதாது, தள்ளித் தள்ளி இரண்டு பொட்டுகள் வேண்டும். பூமிக்கு நெருக்கமான பொட்டு கொஞ்சம் அதிகமாக இழுபடும். தள்ளியிருப்பது கொஞ்சம் குறைவாக. இரண்டும் ஒரே லேசரால் அளக்கப்படுவதால் கோளின் அதிர்வு இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகும். மிஞ்சுவது ஈர்ப்பின் வேறுபாடு மட்டும். ஒரு மீட்டர் இடைவெளிக்கு அது மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய 30 லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளும் பல லட்சத்தில் ஒரு பங்கு மாறுவதைத் தேடவேண்டும். இந்த வேறுபாடு நமக்குப் பழக்கமில்லாததும் அல்ல. நிலாவுக்கு நெருங்கிய பக்கத்தை நிலா கூடுதலாகவும் தள்ளியுள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால்தான் குமரிக் கரையில் தினமும் கடல் ஏறி வற்றுகிறது.

இதற்கான முன்னோட்டங்கள் நடந்துவிட்டன. 2017 ஜனவரியில் ஜெர்மானியர்கள் ஏவிய மையஸ் ராக்கெட்டில், சில நிமிடப் பயணத்துக்குள் அணுக்களைக் குளிர்வித்து, போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்ற நிலைக்கு விண்வெளியில் முதன்முறையாகக் கொண்டுபோனார்கள். கொல்கத்தாவில் பிறந்த சத்யேந்திரநாத் போஸின் பெயர் தாங்கிய நிலை அது. 2018 மே மாதம் நாசாவின் குளிர் அணு ஆய்வுக்கூடம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. இப்போது நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம், ஈர்ப்பின் இந்த வேறுபாட்டை அளக்கும் குவாண்டம் ஈர்ப்புச் சரிவுமானி ஒன்றை உருவாக்குகிறது. எடை ஏறக்குறைய 125 கிலோ; ஒரு சலவை இயந்திரத்தை விடப் பெரிதில்லை. இந்தப் பத்தாண்டின் முடிவில் பறக்கவிடும் எண்ணம். ஐரோப்பாவும் கரியோக்கா என்ற பெயரில் 2030 வாக்கில் ஒரு முன்னோடிக் கோளுக்கு உழைக்கிறது.

இது வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டுக் குளங்களை விண்ணிலிருந்து எண்ணிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பின் நுண்ணிய மேடு பள்ளங்கள் ஏற்கனவே மழுங்கிப்போய்த்தான் மேலே எட்டுகின்றன. எந்த உணரியும் அதை முழுதாக மீட்க முடியாது. தாழப் பறந்தால் காற்று இழுக்கும், எரிபொருள் தீரும். முன்னோடிக் கருவிகளின் வேலை, விண்வெளியில் அணு உணரி நம்பகமாக ஓடும் என்று காட்டுவதுதான். அதன் உண்மையான பயன், ஆண்டுக்கணக்கில் விலகாத அளவு. அப்படியொரு அளவு கையிலிருந்தால் பத்தாண்டில் ஒரு வடிநிலம் தன் தண்ணீரை எவ்வளவு இழந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். சிறு பரப்புக்குத் தரைக் கருவியே வேண்டும். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் குளத்தைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், மேலே கோளும் கீழே ஈர்ப்புமானியுமாக நிலத்தடி நீரை எடை போட வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இந்தியா 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் உணரிப் பிரிவுக்கு மும்பை ஐஐடி தலைமை. ஆனால் ஈர்ப்பை அளக்கவென்றே நாம் இன்னும் ஒரு செயற்கைக்கோள் விடவில்லை. உலகத்தின் ஆழமான ஈர்ப்புத் தாழ்வு நம் வாசலில் கிடக்கிறது. ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் வந்துவிடும். இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள். இந்த வேலையை நாமே எடுத்துச் செய்ய இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

பறக்கும் உணரிக்கு இன்னும் ஒரு கஷ்டம் பாக்கி. பூமியைப் பார்த்தபடியே சுற்றுவதற்காகக் கோள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திருப்பத்தில், பிரிந்துபோன அணு அலையின் இரண்டு பாதைகளும் திரும்ப வந்து சேரும்போது சற்று விலகிவிடும். லேசரைத் திருப்பியனுப்பும் கண்ணாடியை, கோள் திரும்புவதற்கு எதிர்த்திசையில் அதே அளவு திருப்பி இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். துடிப்புகளுக்கு நடுவே சில நொடிகள் அணு மிதக்கும். அந்தச் சில நொடிக்குள் கோள் நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவிடும். தூத்தூர்க் கரையிலிருந்து குமரிமுனை வரை உள்ள கடற்கரையைத் தாண்ட அதற்குப் பத்து நொடி போதும். முனையிலிருந்து தெற்கே அந்தக் குழிவின் அடித்தளத்துக்கு ஒரு நிமிடம். ஐஸ் ஏற்றிப் புறப்பட்ட படகுக்கோ அங்கே போய்ச் சேர ஒன்றிரண்டு நாட்கள் ஆகும்.